பதினான்கு நாள் இலவசம்

அத்தியாயம் 9

யெசித் வீட்டை விட்டுப் போய் அன்றோடு பத்தொன்பது நாள்.

போனான் என்று சொல்வது கூடத் தப்பு. அப்பா அரிஸ்திதெஸ்தான் துரத்தினார். பென்ஷன் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் கரைவதைக் கண்டுபிடித்த அன்று, "இந்த வீட்ல என் கார்டைத் தொடறவன் நீ ஒருத்தன்தான்டா" என்று மகனின் சட்டைகளை அள்ளித் தெருவில் போட்டார். அதோடு விட்டாரா? மறுநாள் அவன் வேலை பார்த்த மருந்துக்கடைக்கே போய், வரிசையில் நின்றவர்கள் முன்னால், "பெத்த அப்பன் காசையே அடிக்கிறவன் இவன், கல்லாவைப் பூட்டி வைங்க" என்று கத்திவிட்டு வந்தார். அன்று மாலையே யெசித்துக்கு வேலை போயிற்று.

அதற்குப் பிறகு அக்கா ஒடாலிஸ் எத்தனை முறை கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவில்லை. பக்கத்து ஊரான சோலெதாதில் ஒரு சிநேகிதனின் டயர் கடை மாடியில் படுத்துக்கொள்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் ஒடாலிஸ் வேலைக்குக் கிளம்பியபோது, அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக மேசையில் உட்கார்ந்திருந்தார். முனைக்கடையிலிருந்து வாங்கி வந்த முட்டை வைத்துப் பொரித்த சோள அரேப்பா தட்டில் அப்படியே ஆறிக்கிடந்தது. பக்கத்தில் ஒரு காகிதம். நாலாக மடித்தது.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"பேங்குக்கு. நாலு மாசக் கணக்கையும் அச்சுப்போட்டு வாங்கிட்டு நேரா போலீசுக்கு. மனு எழுதியாச்சு."

"அப்பா! அவன் உங்க பையன்."

"அதான் பத்தொம்பது நாள் பொறுத்தேன். வந்து ஒரு வார்த்தை, 'நான்தான் எடுத்தேன், மன்னிச்சிடுங்க'ன்னு சொன்னானா? கல்லு மாதிரி இருக்கான்."

"ஆத்துப் படகுக் கம்பெனியில அவனுக்கு இடம் கிடைக்கற மாதிரி இருக்குன்னு அவன் சிநேகிதன் சொன்னான். திங்கட்கிழமை போலீஸ் சான்றிதழ் குடுக்கணும். இன்னைக்கு நீங்க மனு குடுத்தா அவ்வளவுதான்."

அரிஸ்திதெஸ் முப்பத்தொரு வருஷம் மக்தலேனா ஆற்றில் இழுவைப்படகு எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். இரண்டு முழங்காலையும் அந்த எஞ்சின் அறைக்கே கொடுத்துவிட்டு வந்தவர். மேசையைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"திருடனுக்குப் படகு எதுக்கு?" என்றார். "உனக்கு நேரமாகுது. போ."

ஒடாலிசுக்கு உண்மையிலேயே நேரமாகிவிட்டிருந்தது. ஐந்து நிமிஷம் தாமதித்தால் அரை நாள் ஊக்கத்தொகையை வெட்டிவிடுவார்கள். போனாள்.

*

அவள் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மருந்துக் கம்பெனிக்குப் போனில் பதில் சொல்கிற வேலை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. ஆனால் முழுதும் இல்லை.

லிவியானா என்பது முழங்கால் வலி மாத்திரை. பதினான்கு நாள் இலவசம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது என்று விளம்பரம் வரும். அனுப்பும் செலவுக்காகக் கார்டு எண்ணைக் கொடுத்தவர்களிடமிருந்து, பதினைந்தாம் நாள் தொடங்கி மாதம் ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் பெசோ போய்க்கொண்டே இருக்கும். கண்டுபிடித்தவர்கள் கொதித்துப்போய்க் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்களை விலக விடாமல் பேசிப் பேசி நிறுத்தி வைப்பதுதான் ஒடாலிசின் பிரிவுக்கு வேலை.

மூன்று சலுகை சொல்லி, மூன்று முறை 'வேண்டாம்' வாங்கிய பிறகுதான் ரத்துப் பொத்தானைத் தொடலாம். இரண்டாவது சலுகையிலேயே பாதிப் பேர் அலுத்துப்போய் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தவர்கள் கணக்கில் 'தக்கவைக்கப்பட்டார்' என்று விழும். போன மாதம் அப்படி எழுநூற்றைம்பது பேர். அந்த ஊக்கத்தொகையில்தான் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது.

இங்கே அவள் ஒடாலிஸ் இல்லை. கரோலினா. எண் 4417. பேச்சும் சொந்த ஊர் பாரங்கியாவின் பேச்சில்லை. தலைநகர் பொகோட்டாக்காரர்கள் மாதிரி வார்த்தையை நறுக்கி, அடுக்கி, மரியாதை தடவிப் பேச வேண்டும். மூன்று வாரம் அதற்குப் பயிற்சி. இந்தக் கரோலினா கூத்தைத் தம்பி யெசித்திடம் மட்டும் ஒருநாள் நடித்துக் காட்டி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா வைத்த பெயரை மாற்றிக்கொண்டு சம்பளம் வாங்குகிறாள் என்று தெரிந்தால் மனிதர் தாங்கமாட்டார்.

பதினொன்றே முக்காலுக்கு அந்த அழைப்பு வந்தது.

"லிவியானா வாடிக்கையாளர் சேவையை அழைத்தமைக்கு நன்றி. என் பெயர் கரோலினா. தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?"

"மகளே, காது கேக்குதா? இங்க ஒரே பஸ் சத்தம். நான் பாரங்கியாவில இருந்து பேசறேன்."

ஒடாலிசின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

இளம்பெண் யாராயிருந்தாலும் அப்பா மகளே என்றுதான் கூப்பிடுவார். பேசுவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வைத்தால் மறுபடி கூப்பிடுவார். வேறு யாரோ எடுப்பார்கள். பக்கத்து மேசைக்காரி எடுப்பாள். ஆட்களை விலக விடாமல் நிறுத்துவதில் அவள்தான் இந்த மாதம் முதலிடம்.

"சொல்லுங்கள் ஐயா," என்றாள்.

"பேங்க்ல ஒரு பொண்ணு இந்த நம்பரைக் குடுத்தா. என் கணக்குல நாலு மாசமா ஏதோ எல்விஎன்னாம், பாகோஸாம், அந்தப் பேர்ல பணம் போகுது. அது நீங்கதானாமே?"

"தங்கள் அடையாள எண்ணைக் கூற இயலுமா?"

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவளுக்கு மனப்பாடமான எண். தட்டினாள். திரையில் அப்பாவின் முழுப்பெயர் வந்து நின்றது. அரிஸ்திதெஸ் ரஃபயேல் பெர்த்தூஸ். நாலு கட்டணம். ஒரே ஒரு பெட்டி அனுப்பியிருந்தார்கள், மே மாதம்.

வாய் தானாகவே முதல் சலுகையைச் சொல்லத் தொடங்கியது. ஏழு மாதப் பழக்கம்.

"ஐயா, தங்களது சிகிச்சை முழுப் பயனளிக்கும் கட்டத்தில் உள்ளது. இத்தருணத்தில் விலகினால்..."

"என்ன பயன் மகளே? பதினோரு நாள் முழுங்கினேன். முழங்கால் நகரவே இல்ல, வயிறுதான் நிக்காம ஓடுச்சு. பெட்டிய கட்டிலுக்குக் கீழ எறிஞ்சுட்டேன். எனக்கு வேண்டாம்."

ஒன்று.

"தங்களுக்காக முப்பது சதவீதத் தள்ளுபடி..."

"நான் தள்ளுபடி கேட்டு வரல." குரல் சட்டென்று இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு சொல்லு மகளே. நான் போலீஸ் ஸ்டேஷன் எதிர்ல பெஞ்சுல உக்காந்திருக்கேன். மனு கையில இருக்கு. மெஷின்ல யாரும் பணம் எடுக்கல, கம்பெனிக்காரன்தான் எடுத்திருக்கான்னு பேங்க் பொண்ணு சொல்லுது. ஆனா கார்டு நம்பரை உங்களுக்குக் குடுத்தது யாருன்னு அதுக்குத் தெரியல. யார் குடுத்தா? என் பையனா?"

திரையின் மூலையில் சின்னதாக ஒரு காது படம் பச்சையாக எரிந்தது. மேற்பார்வையாளர் மரிலூஸ் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அடுத்த நொடி மரிலூசின் குரல் ஒடாலிசின் காதில் மட்டும் கிசுகிசுத்தது.

"மூணாவது சலுகைக்குப் போ, கரோலினா. அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது."

ஒடாலிஸ் பதிவைக் கீழே இறக்கினாள். மே பதினைந்து, காலை பத்து பன்னிரண்டு. ஒப்புதல் பெறப்பட்டது. எந்தப் போனிலிருந்து என்ற இடத்தில் அப்பாவின் போன் எண்.

"மகளே? இருக்கியா?"

"சலுகை!" என்றது காது.

"உள்ள போகட்டுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு," என்றார் அப்பா. "வாசல்ல நிக்கற போலீஸ்காரன் என்னையே பாத்துட்டிருக்கான்."

"நீங்கதான்பா குடுத்தீங்க."

அவ்வளவுதான். பொகோட்டா போன இடம் தெரியவில்லை.

அவர் போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"என்னது?"

"மே மாசம் பதினஞ்சாம் தேதி காலையில. முழங்காலுக்கு இலவச மாத்திரைன்னு போன்ல வந்துச்சே, ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரம் கட்டினா போதும்னு, அதுக்குக் கார்டு நம்பரைத் தட்டினீங்க. பதினாலு நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லலன்னா மாசாமாசம் எடுப்போம்னு கீழ எறும்பு சைஸ்ல எழுதியிருக்கும். கண்ணாடி போட்டாலும் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அப்படிப் போடறாங்க. யெசித் ஒண்ணும் பண்ணலப்பா. மனுவைக் கிழிச்சுப் போடுங்க."

"ஒடாலிஸ்?"

"ஆமாப்பா."

பிறகு மிகவும் மெதுவாக, "நீயா அங்க உக்காந்திருக்க?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

*

ஒடாலிஸ் ரத்துப் பொத்தானை அழுத்தினாள். திரையில் வந்த ரத்து எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். அப்போதுதான் பதிவின் அடியில் இன்னொரு வரி கண்ணில் பட்டது.

எழுத்து உரையாடல். வாடிக்கையாளர் தக்கவைக்கப்பட்டார். கரோலினா 4417.

அவளேதான்.

தேதி, அப்பா யெசித்தைத் துரத்தியதற்கு மூன்று நாள் முந்தியது. அந்த வாரம் ஆள் போதவில்லை என்று அவளை எழுத்துப் பிரிவில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் நாலு ஜன்னல். யார் எவர் என்று பெயரைத் திறந்து பார்க்கக் கூட நேரமிருக்காது. தயாராக இருக்கிற பதில்களை எடுத்து எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

திறந்து படித்தாள்.

'வணக்கம். இது எங்க அப்பாவோட கார்டு. அவரு இலவசம்னு நம்பி அமுக்கிட்டாரு. தயவுசெஞ்சு நிறுத்துங்க. அவருக்கு பென்ஷனை விட்டா வேற வரும்படி இல்ல.'

அதற்குக் கீழே அவள் ஒட்டிய முதல் பதில்: தங்களது சிகிச்சை முழுப் பயனளிக்கும் கட்டத்தில் உள்ளது.

'சிகிச்சை எல்லாம் வேண்டாங்க. அவருக்குத் தெரிஞ்சா அவமானமாப் போயிடும். அதுக்குள்ள சத்தமில்லாம முடிச்சுடணும்னு பாக்கறேன்.'

அவள் பதில்: தங்களுக்காக முப்பது சதவீதத் தள்ளுபடி.

அடுத்த வரி வர இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

'கரோலினா, நீ நம்ம லாஸ் நியேவெஸ் பேட்டைக் கரோலினாவா? நான் யெசித்.'

அவள் பதில்: தங்கள் கேள்விக்கு நன்றி. இச்சலுகை இன்று மட்டுமே செல்லுபடியாகும்.

'சரி. விடு.'

ஒடாலிஸ் ஹெட்போனைக் கழற்றினாள். காதெல்லாம் சுட்டது.

மரிலூஸ் ஏற்கனவே பின்னால் வந்து நின்றிருந்தாள். கையில் ஒரு படிவம். கத்துவாள் என்று அறை முழுக்க எதிர்பார்த்தது. அவள் கத்தவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பாவா?"

"ஆமா."

"அப்பாவா இருந்தாலும் பதிவாகற லைன்ல அப்படிப் பேசலாமா கண்ணு? 'தெரியக் கூடாதுன்னுதான் போடறாங்க'ன்னு உன் வாயாலயே சொல்லியிருக்க. மேல கேட்டாங்கன்னா என் வேலையும் போகும்."

"நாலு மாசப் பணத்தையும் திருப்பிப் போடு மரிலூஸ்."

"என் கையில ஒரு மாசத்துக்குத்தான் அதிகாரம்."

"அப்ப அதையாவது போடு. இப்பவே. நான் பாக்கறேன்."

மரிலூஸ் குனிந்து தன் ரகசிய எண்ணைத் தட்டினாள். ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் திரும்பிப் போயிற்று. பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எங்க அம்மா கூட முழங்காலைப் பிடிச்சுட்டுத்தான் நடக்கறா. அவ நம்பரை இதுல ஒருநாளும் நான் தட்டிப் பாத்ததில்ல. பயம்." படிவத்தை நீட்டினாள். "மறு தகவல் வர வரைக்கும் நீ வர வேண்டாம். கையெழுத்துப் போடு."

எந்தப் பெயரில் போடுவது என்று ஒரு நொடி பேனா நின்றது. ஒடாலிஸ் பெர்த்தூஸ் என்று போட்டுவிட்டு எழுந்தாள்.

*

தெருவுக்கு வந்தபோது வானம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. யெசித்தையும் கூப்பிட்டாள். வழக்கம்போல மணி மட்டும் அடித்தது.

வீட்டுக்குப் போனால் பூட்டு. எதிர்வீட்டு நூரிஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"அப்பா வந்த கையோட திரும்பிப் போயிட்டாருடி. சோலெதாத் பஸ் எதுன்னு கேட்டாரு. மழை வருது மாமா, தெருவெல்லாம் ஓடையாயிடும், இருங்கன்னு சொன்னேன். மூஞ்சியைப் பாத்தா எதுவும் காதுல விழுந்த மாதிரி தெரியல."

ஒடாலிஸ் ஒரு மோட்டார் சைக்கிள் டாக்சியை நிறுத்தி ஏறும்போதே முதல் துளிகள் விழுந்தன. பாதி வழியில் கொட்டத் தொடங்கியது. டயர் கடைத் தெருவுக்கு ஒரு முனை முந்தியே வண்டிக்காரன் நிறுத்திவிட்டான்.

"இதுக்கு மேல முடியாதுக்கா. பாருங்க."

தெரு இருந்த இடத்தில் ஆறு ஓடியது. மேட்டுத் தெருக்களின் தண்ணீரெல்லாம் ஒன்றுசேர்ந்து, காப்பி நிறத்தில், இரைச்சலோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அதில் கரணமடித்துப் போயிற்று. அதன் பின்னால் ஒரு குப்பைத் தொட்டி. இந்தப் பக்கம் ரொட்டிக்கடைத் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி நின்றார்கள். எதிர்ப்பக்கம் டயர் கடை.

படியின் விளிம்பில், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட, அரிஸ்திதெஸ் நின்றிருந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"பெரியவரே, பைத்தியமா உங்களுக்கு? போன மாசம் ஒரு காரையே இழுத்துட்டுப் போச்சு," என்று ரொட்டிக்கடைக்காரன் கத்தினான்.

"ஆத்துல முப்பத்தொரு வருஷம் கிடந்தவன் நான்," என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார்.

கால் வைத்த வேகத்தில் முழங்கால் மடங்கியது. ஒடாலிஸ் பாய்ந்து அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்தாள். கடைக்காரன் அவள் தோளைப் பிடித்தான். மூன்று பேருமாகச் சரிந்து படியில் விழுந்தார்கள். தொப்பி மட்டும் தண்ணீரில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, போய்விட்டது.

எதிர்ப்பக்கத்தில் யாரோ அலறினார்கள். டயர் கடை வாசலில் யெசித், சட்டையில்லாமல், இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அங்கயே இருங்க! நகராதீங்க!"

"நீ எடுக்கலடா!" என்று அரிஸ்திதெஸ் கத்தினார். "தெரிஞ்சுபோச்சு! நீ எடுக்கல!"

இரைச்சலில் ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. யெசித் காதருகே கையை வைத்துக் காட்டினான். அவர் மறுபடி கத்தினார். மறுபடி. நாலாவது முறை குரல் உடைந்து, இருமல் வந்துவிட்டது.

தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ரொட்டிக்கடைக்காரன் இரண்டு முக்காலியும் சூடாகக் கறுப்புக் காப்பியும் கொண்டுவந்து வைத்தான். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"எத்தனை மாசமா இந்த வேலை?"

"ஏழு."

"என்னை மாதிரி எத்தனை பேர் கூப்பிடுவாங்க, ஒரு நாளைக்கு?"

"அறுபது. எழுபது."

"எல்லார்கிட்டயும் அந்தக் குரல்லதான் பேசுவியா?"

"ஆமாப்பா."

அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை என்று ஒடாலிஸ் எழுத்து உரையாடலையும் சொன்னாள். யெசித் கேட்டது, அவள் ஒட்டியது, கடைசியில் அவன் 'விடு' என்றது, எல்லாம்.

"அப்ப அவனுக்குத் தெரியும்," என்றார் அரிஸ்திதெஸ். "நான் சட்டையைத் தூக்கித் தெருவுல போட்டப்பவே தெரியும்."

"தெரியும்பா."

"ஏன் வாயைத் திறக்கல?"



*

முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியது. யெசித் ஒரு கம்பை ஊன்றி ஊன்றிக் கடந்து வந்தான். பத்தொன்பது நாளில் இளைத்திருந்தான். தாடி வேறு. அப்பாவை மேலும் கீழும் பார்த்தான்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. தொப்பிதான் போச்சு."

"உயிர் போயிருக்கும். எதுக்கு வந்தீங்க?"

"நீ எடுக்கலன்னு சொல்ல வந்தேன்."

"எனக்கே சொல்றீங்களா? அது எனக்கு முன்னாடியே தெரியும்."

தாழ்வாரத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அரிஸ்திதெஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? கேட்டீங்களா நீங்க? எடுத்தியான்னு கூடக் கேக்கல, எடுத்தேன்னே முடிவு பண்ணிட்டீங்க." பிறகு முதல்முறையாக அக்கா பக்கம் திரும்பினான். "அதுவும் போக, சொன்னா இவ எங்க வேலை செய்யறான்னும் சொல்லணும். இவதான் என்னைக் கழட்டிவிட்டான்னும் சொல்லணும். ஒரே நாள்ல ரெண்டு பிள்ளையும் போயிடும் உங்களுக்கு."

"யெசித், நான் பாக்கலடா," என்றாள் ஒடாலிஸ். "சத்தியமா. நாலு ஜன்னல் திறந்திருந்துச்சு. நீ எழுதினதைப் படிக்கவே இல்ல."

"நான் பேரைப் போட்டேன்."

"படிக்கல."

"நீ தெரிஞ்சேதான் ஒட்டினேன்னு நினைச்சேன்." அவன் கம்பைப் படியில் சாய்த்து வைத்தான். "இத்தனை நாளா அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். அப்பா திட்டினது கூட அவ்வளவா உறைக்கல. ஃப்ரிட்ஜுக்காக நம்ம அக்கா நம்மள வித்துட்டாளேன்னு..."

ஒடாலிஸ் எட்டி அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை, ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

அரிஸ்திதெஸ் எழுந்து நின்றார். நனைந்த சட்டைப் பையிலிருந்து, கூழாகிப்போன மனுவை எடுத்து நசுக்கி ஓடையில் எறிந்தார்.

"நட," என்றார்.

"எங்க? வீட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன்."

"வீட்டுக்கு யாரு கூப்பிட்டா? மருந்துக்கடைக்கு. எந்த இடத்துல உன்னை அப்படிச் சொன்னேனோ, அங்கயே போய், அதே சத்தத்துல மாத்திச் சொல்றேன். நட."

*

மழைக்கு ஒதுங்கியவர்களால் மருந்துக்கடை நிரம்பியிருந்தது. கடை முதலாளி தோன் எவாரிஸ்தோ, பெர்த்தூஸ் குடும்பம் மூன்று பேராக நனைந்து உள்ளே வருவதைப் பார்த்து, "மறுபடியுமா?" என்று கண்ணாடியைக் கழற்றினார்.

"மறுபடியும்தான்," என்றார் அரிஸ்திதெஸ். கல்லாவுக்கு முன்னால் போய், கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றார். போன தடவை கோபம் பேசியது, வார்த்தை தானாக வந்தது. இந்த முறை வரவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார்.

"இவன் என் பையன் யெசித். மூணு வாரத்துக்கு முன்னாடி இதே இடத்துல இவனைத் திருடன்னு சொன்னேன். அது பொய். பணத்தை எடுத்தது ஒரு கம்பெனி. அதுக்கு வழி விட்டது நான். இலவசம்னு பாத்ததும் என் விரலாலயே அமுக்கினேன். இவன் அதை நிறுத்தத்தான் பாத்தான்." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு இருந்தவங்க யாராவது இங்க இருந்தா, நாலு பேர்கிட்டச் சொல்லுங்க. அன்னைக்கும் நாலு பேர்கிட்டச் சொல்லியிருப்பீங்க இல்ல?"

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "அந்த முழங்கால் மாத்திரையா ஐயா? பதினாலு நாள் இலவசம்னு வருமே?" கேட்டுவிட்டுத் தன் போனைப் பைக்குள் துழாவத் தொடங்கினாள்.

தோன் எவாரிஸ்தோ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். "இடத்துக்கு ஆள் போட்டாச்சு யெசித். ஆனா படகுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் வேணும்னா நான் எழுதித் தரேன். நல்லவன்னு. இப்பவே எழுதறேன்."

அவர் காகிதம் தேடிக்கொண்டிருந்தபோது அரிஸ்திதெசின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி வீட்டில். கொஞ்சம் தயங்கிவிட்டு, போனை மகனிடம் நீட்டினார்.

யெசித் வாசித்தான். முகம் மாறியது. இன்னொரு முறை வாசித்தான்.

"பேங்க்ல இருந்துப்பா. எழுபத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரம் உங்க கார்டுல இருந்து போயிருக்கு. இன்னைக்கு, இப்ப, நாலு அம்பதுக்கு." நிமிர்ந்தான். "இந்தத் தடவை நான் உங்க பக்கத்துலயே நிக்கறேன். கடையே சாட்சி."

"நான் ரத்துப் பண்ணிட்டேன்," என்றாள் ஒடாலிஸ். "நம்பர் எழுதி வெச்சிருக்கேன். லிவியானா முடிஞ்சுபோச்சு."

"இது லிவியானா இல்ல. வேற பேர்."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். அரோரா சலூத். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. யெசித்துக்கும் தெரியாது.

ஒடாலிசுக்குத் தெரியும். அவள் தினமும் ஏறி இறங்குகிற அதே கட்டிடத்தில், மூன்றாம் மாடிக் கண்ணாடிக் கதவில் அந்தப் பெயரைப் போன வாரம்தான் ஒட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு, எழுத்து நேராக இருக்கிறதா என்று கீழே நின்று பார்த்தவள் மரிலூஸ்.